ஹெட்லைட் எரியலையா? பல்ப் வாங்க ஓடறதுக்கு முன்னாடி இத பாத்துருங்க

ஹெட்லைட் போச்சுன்னா நிறைய பேர் பண்றது ஒண்ணுதான், நேரா போய் ஒரு பல்ப் வாங்கிட்டு வந்து மாட்டுவாங்க, அப்பவும் எரியாது, உடனே வயரிங்கே போச்சுன்னு பயந்துருவாங்க. எது எரியுது, எது எரியலன்னு முதல்ல பொறுமையா பாத்தாலே பாதி வேலை முடிஞ்சது.

நான் சொல்றது ஹாலஜன் பல்ப் (உள்ள ஃபிலமென்ட்டுங்கிற மெல்லிய கம்பி சூடாகி எரியறது) இருக்கிற காருக்கு. கம்பெனியிலேயே எல்இடி வர்ற வண்டில பெரும்பாலும் பல்ப்ப மட்டும் தனியா கழட்ட முடியாது. செனான்னு சொல்ற ஹெச்ஐடி லைட்டுன்னா ஆன் பண்ற நொடியில பல்லாஸ்ட்டுன்னு அதுக்கு கரண்ட் ஏத்தி குடுக்கிற பெட்டில இருந்து 20,000 வோல்ட்டுக்கு மேல கிளம்பும், அதுல கை வைக்காதீங்க, மெக்கானிக்கிட்ட விட்ருங்க.

முதல் ஸ்டெப், வண்டிய ஒரு சுவருக்கு முன்னாடி நிறுத்தி டிம், பிரைட் ரெண்டையும் போட்டு பாருங்க. ஒரு பக்கம் மட்டும் எரியலன்னா பெரும்பாலும் பல்ப் தான். ரெண்டு பக்கமும் எதுவுமே எரியலன்னா ஃபியூஸ், ரிலே (சுவிட்ச் போட்டதும் லைட்டுக்கு கரண்ட திறந்துவிடுற குட்டி பெட்டி), சுவிட்ச் இந்த மூணுல ஏதோ ஒண்ணு, கூடவே ஹாரனும் மந்தமா அடிச்சா பேட்டரிய பாருங்க. ரெண்டு பக்கமும் டிம் மட்டும் இல்ல, பிரைட் எரியுதுன்னா எல்லாரும் ரிலேன்னு தான் நினைப்பாங்க, ஆனா பல தடவ ரெண்டு பல்ப்லயும் டிம் ஃபிலமென்ட் தான் போயிருக்கும், ஒண்ணு என்னிக்கோ போயிருக்கும் யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க, ரெண்டாவதும் போய் முன்னாடி இருட்டா ஆனப்ப தான் தெரியும்.

அடுத்து ஃபியூஸ். இதுக்கு காசே செலவில்ல. பானெட்டுக்குள்ள ஒரு பாக்ஸ், டேஷ்போர்டுக்கு கீழ ஒரு பாக்ஸ் இருக்கும், மூடியோட உள்பக்கத்துல எது எதுக்குன்னு படம் போட்டிருப்பாங்க. நிறைய வண்டில இடது வலதுக்கு தனித்தனி ஃபியூஸ், அதனால ஒரு பக்கம் மட்டும் போனாலும் இத பாத்துருங்க. சாவிய ஆஃப் பண்ணிட்டு ஃபியூஸ இழுத்து வெளிச்சத்துல பிடிச்சா உள்ள வளைஞ்ச கம்பி அறுந்திருக்கான்னு தெரியும். சிவப்பு 10 ஆம்ப், நீலம் 15, மஞ்சள் 20. எது இருந்துச்சோ அதே ஆம்ப் தான் போடணும், அடிக்கடி போகுதேன்னு பெருசா போட்டா ஃபியூஸுக்கு பதிலா வயர் எரியும். 55 வாட்ஸ் பல்ப் 12 வோல்ட்ல இழுக்கறதே சுமார் 4.6 ஆம்ப் தான், அப்படியும் ஃபியூஸ் போயிட்டே இருந்தா எங்கயோ ஷார்ட் ஆகுதுன்னு அர்த்தம். ரிலே சந்தேகமா? அதே நம்பர் போட்ட ரிலே வேற எதுக்காவது இருந்தா, ஹாரனுக்கு இருக்கும் சில வண்டில, ரெண்டையும் மாத்தி மாட்டி பாருங்க.

இப்ப பல்ப். லைட் ஆஃப் பண்ணி ஆறவிடுங்க, சூடு சும்மா இருக்காது. ஹெட்லைட்டுக்கு பின்னாடி மூணு பின் கனெக்டர் இருந்தா அது பெரும்பாலும் ஹெச்4ங்கிற வகை, டிம்முக்கும் பிரைட்டுக்கும் ஒரே பல்ப், 60/55 வாட்ஸ். ரெண்டு பின்னுன்னா ஹெச்7 மாதிரி தனித்தனி பல்ப். வயர பிடிச்சு இழுக்காம கனெக்டர பிடிச்சு ஆட்டி ஆட்டி கழட்டுங்க, அப்புறம் ரப்பர் மூடி, அதுக்குள்ள ஒரு ஸ்பிரிங் கிளிப். புதுசா பண்றவங்க மாட்டிக்கிறது இந்த கிளிப்ல தான், உள்பக்கமா அமுக்கி கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளுனா தான் கொக்கியில இருந்து விடும், கழட்டறதுக்கு முன்னாடியே போன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

வெளிய வந்த பல்ப்ப பாருங்க. கண்ணாடி உள்ள கருத்திருந்தாலோ ஃபிலமென்ட் தொங்கிட்டிருந்தாலோ முடிஞ்சது. உள்ள வெள்ளை பவுடர் படிஞ்ச மாதிரி இருந்தா கண்ணாடில விரிசல் விட்டு காத்து உள்ள போயிருக்கு. புது பல்ப்ல கண்ணாடிய விரலால தொடாதீங்க, கை எண்ணெய் பட்ட இடத்துல மட்டும் சூடு ஏறி சீக்கிரம் போயிரும், தொட்டுட்டா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சிருங்க. ஹெச்4ன்னா பல்ப்போட தட்டுல நீட்டிட்டிருக்கிற மூணு காது மூணு பள்ளத்துல உக்காரணும், ஒரு வழியில தான் உக்காரும், அமுக்கி தள்ளவே தேவையில்ல. ரப்பர் மூடிய சுத்தி நல்லா அமுக்கி விடுங்க, இல்லன்னா ஈரம் உள்ள போகும்.

புது பல்ப்பும் எரியல, இல்ல எரியுது ஆனா மங்கலா இருக்குன்னா, இங்க தான் முக்கியமான விஷயம். வோல்ட் பாக்குற மல்டிமீட்டர கனெக்டர்ல வச்சு 12 வோல்ட் வருதே வயர் நல்லாதான் இருக்குன்னு முடிவு பண்ணிடுவாங்க. பல்ப் மாட்டாம பாத்தா எர்த் (கரண்ட் பாடி வழியா பேட்டரி நெகட்டிவுக்கு திரும்பற இணைப்பு) துருப்பிடிச்சிருந்தா கூட 12 காட்டும், பல்ப் கரண்ட் இழுக்கும்போது தான் குட்டு வெளிப்படும். அதனால கனெக்டர் மாட்டி லைட் ஆன்ல இருக்கும்போதே மீட்டரோட கருப்ப பேட்டரி நெகட்டிவ்ல வைங்க, சிவப்ப கனெக்டருக்கு பின்பக்கமா எர்த் பின்ல வைங்க. கிட்டத்தட்ட ஜீரோ வரணும், அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த் சரியில்ல, பாடியில போல்ட் போட்டிருக்கிற இடத்த தேடி கழட்டி தேச்சு இறுக்குங்க. (சில வண்டில எர்த் பக்கத்துல தான் சுவிட்ச் பண்ணுவாங்க, அங்க வயரிங் படம் பாத்துட்டு பண்ணுங்க.) அரை வோல்ட்டுக்கு இவ்ளோ அலட்டலான்னா, ஹாலஜன்ல வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும்.

கனெக்டர் பிளாஸ்டிக் பழுப்பா உருகியிருக்கா? பழைய ஹோல்டர்ல 100/90 பல்ப் போட்டா அப்படித்தான் ஆகும், ஹோல்டர மாத்துங்க, வாட்ஸும் குறைங்க. ஹாலஜன் ரிஃப்ளெக்டர்ல எல்இடி பல்ப் மாட்டறதும் எனக்கு பிடிக்காத வேலை, நமக்கு வெள்ளையா தெரியும், எதிர்ல வர்றவங்களுக்கு கண் கூசும். ஐடில்ல மங்கி ஆக்சிலேட்டர் மிதிச்சா பிரகாசமானா ஹெட்லைட்ட விட்டுட்டு பேட்டரி, ஆல்டர்னேட்டர், பெல்ட்ட பாருங்க, எஞ்சின் ஓடும்போது பொதுவா 13.5ல இருந்து 14.5 வோல்ட் வரணும்.

ஹெட்லைட்டோட முன்பக்க பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளா இருந்தா 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாள தண்ணியில நனைச்சு வரிசையா தேச்சு, பாலிஷ் போட்டு, கடைசியா யூவி கோட்டிங் அடிக்கணும். கோட்டிங் இல்லன்னா கொஞ்ச மாசத்துல திரும்ப மஞ்சள் தான். டூத்பேஸ்ட் வச்சு தேய்க்கிறதும் அதே கதி.

கடைசியா திரும்ப அதே சுவர். ஹெட்லைட் வெளிச்சத்த மேல கீழ பண்ற லெவல் குமிழ் இருந்தா அத 0ல வச்சு டிம் போடுங்க, புதுசு மாட்டுன பக்கம் வெளிச்சம் மேல ஏறியோ கலைஞ்சோ தெரிஞ்சா உடனே அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவ திருகாதீங்க, பல்ப் சரியா உக்காந்திருக்காது, கழட்டி திரும்ப மாட்டுங்க.