‘ரெயின் செக்’ என்றால் என்ன? எப்படிச் சொல்வது?

அமெரிக்க நண்பர் ஒருவரை இரவுச் சாப்பாட்டுக்கு அழைக்கிறீர்கள். அவர் ‘கேன் ஐ டேக் எ ரெயின் செக்?’ என்கிறார். வெளியே மழையா என்று பார்க்க வேண்டாம். ‘இன்று முடியாது, வர ஆசைதான்; இன்னொரு நாள் வைத்துக்கொள்வோமா?’ என்றுதான் கேட்கிறார்.

படி 1: சீட்டை மனதில் வையுங்கள்

இங்கே ‘செக்’ என்பது வங்கிக் காசோலை இல்லை, சீட்டு. அரங்கில் போட்டிருக்கும் கோட்டைக் கழற்றி ஒப்படைத்தால் தருகிற அடையாளச் சீட்டையும் அமெரிக்கர்கள் செக் என்றே சொல்வார்கள். 1880களில் அங்கே பேஸ்பால் ஆட்டம் மழையால் கைவிடப்பட்டால், காசு கொடுத்து வந்தவர்களுக்கு ‘ரெயின் செக்’, அதாவது மழைச் சீட்டு, உண்டு; அதைக் காட்டி வேறொரு நாள் ஆட்டத்தைப் பார்க்கலாம். பிற்பாடு கடைகளுக்கும் இது வந்தது. தள்ளுபடிப் பொருள் தீர்ந்துபோனால், சரக்கு வந்ததும் அதே விலைக்கு வாங்கிக்கொள்ள ஒரு ரெயின் செக் எழுதித் தருவார்கள். இரண்டிலும் உங்கள் பாத்தியதை அப்படியே இருக்கிறது, நாள் மட்டும் மாறுகிறது. இது பிடிபட்டால் தொடர் மறக்காது.

படி 2: வாக்கியம்

‘டேக்’ என்ற வினையோடு சொல்லுங்கள். எதைத் தள்ளிப்போடுகிறீர்களோ அதற்கு முன் ‘ஆன்’ வரும்: ‘ஐ ஹேவ் டு வர்க் லேட். கேன் ஐ டேக் எ ரெயின் செக் ஆன் டின்னர்?’ காரணம் ஒரு வரி போதும்.

படி 3: நாளையும் சொல்லுங்கள்

பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வர விருப்பமில்லாதவர்களும் நாசூக்காக இதே தொடரைச் சொல்வதுண்டு. கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் உடனே ‘ஹவ் அபவுட் நெக்ஸ்ட் ஃப்ரைடே?’ என்று சேர்த்துவிடுங்கள். அழைத்தவர் மனம் வாடாது. வரும் எண்ணமே இல்லையென்றால், நன்றி சொல்லி மறுத்துவிடுவதுதான் மரியாதை என்பேன்.

படி 4: எங்கே வேண்டாம்

காபி, சாப்பாடு, சினிமா போன்ற நட்பான அழைப்புகளுக்குத்தான் இது. நேர்முகத் தேர்வு, மருத்துவர் சந்திப்பு போன்றவற்றுக்கு ‘ரீஷெட்யூல்’ என்று கேளுங்கள்.

படி 5: உங்களிடம் சொன்னால்

‘ஷ்யூர், எனிடைம்’ என்றால் போதும். ஓரிரு வாரம் கழித்து ஒருமுறை அழைத்துப் பாருங்கள். அப்போதும் நாள் சொல்லாமல் ரெயின் செக் என்றே பதில் வந்தால், அடுத்த அழைப்பை அவருக்கே விட்டுவிடுங்கள்.