கணவன் மனைவி பேச்சுக்குச் சாட்பாட்டைப் பயன்படுத்துவது எப்படி? ஆட்டிசம், ஏடிஎச்டி உள்ள வீடுகளுக்கு

கேரள எல்லையோரம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நல்ல கவுன்சலர் வேண்டும் என்றால் பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ போக வேண்டும். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரும்வரை வீட்டுச் சண்டை காத்திருக்காது. அந்த இடைவெளியில் சாட்பாட் (நாம் டைப் செய்வதற்குப் பதில் எழுதும் சாட்ஜிபிடி போன்ற ஏஐ செயலி) கை கொடுக்கும். என் கணவருக்கு ஆட்டிசம், அதாவது மற்றவரோடு பழகுவதும் சத்தம், கூட்டம் போன்றவற்றை உணர்வதும் வேறு விதமாக இருக்கும் பிறவித் தன்மை. எனக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் சிதறுவதும் அவசரப்படுவதும் அதிகமாக இருக்கும் தன்மை. அவர் சம்மதத்தோடுதான் எங்கள் வீட்டு உதாரணத்தைத் தருகிறேன்.

ஆட்டிசம் உள்ளவருக்கு அடுத்தவர் மனம் புரியாது என்றே பலரும் சொல்லி வந்தார்கள். தானும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன், புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012-இல் எழுதினார். என் அனுபவமும் அதுதான். அதனால் "இவரை எப்படித் திருத்துவது" என்று கேட்பதற்காகச் சாட்பாட்டைத் திறக்காதீர்கள்.

படி 1: இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்

எதை டைப் செய்யலாம், எதைக் கூடாது என்று முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், வேலை செய்யும் இடம், மருத்துவ அறிக்கை எதுவும் வேண்டாம். சாட்ஜிபிடியில் பேச்சு ஹிஸ்டரியில் சேராத தற்காலிக உரையாடல் (Temporary Chat) வசதி இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். ஒருவருக்குத் தெரியாமல் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அள்ளிப் போடுவது நம்பிக்கைத் துரோகம்.

படி 2: சொல்ல வந்ததை முழுதாகச் சொல்ல வையுங்கள்

என் அண்ணன் வீட்டில் காதுகுத்து. "நேரத்தோட போயிடலாங்களா?" என்று அனுப்பினேன். "வரலை" என்று ஒரே வார்த்தை வந்தது. எங்கள் வீட்டு ஆட்களை அவருக்குப் பிடிக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். என் கோபம் ஏன் என்றே அவருக்குப் புரியவில்லை. அன்று ராத்திரி அவர் சாட்பாட்டிடம் எழுதியது இது:

"எனக்கு ஆட்டிசம். மச்சான் வீட்டு காதுகுத்துக்கு வரலைன்னு மனைவிக்கு எழுதினேன். காரணம் மைக்செட் சத்தமும் மண்டபத்துக் கூட்டமும்தான். அவங்க ஆளுங்க மேல கோபம் இல்லை. இதை மூணு வரியில, பேச்சுத் தமிழில எழுதிக் கொடு. புதுசா எதையும் சேர்க்காதே."

முதலில் வந்தது "என் அன்பிற்குரியவளே" என்று தொடங்கியது. அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வரவே வராது. "அலங்காரம் வேண்டாம்" என்று மறுபடி கேட்டார். அப்புறம் தன் கையால் திருத்தி எனக்கு அனுப்பினார்: "மைக்செட் சத்தம் என்னால தாங்க முடியலை. உங்க வீட்டு ஆளுங்க மேல கோபம் இல்லை. காது குத்தற நேரத்துக்கு வந்து அரை மணி நேரம் இருக்கேன்." அந்த அரை மணி நேரம் அவராகவே சேர்த்தது. சாட்பாட் எழுதியதை அப்படியே அனுப்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். எவ்வளவு முடியும் என்பது அவரவருக்குத்தான் தெரியும்.

எனக்கு எதிர்ப் பிரச்சினை. கேஸ் புக் செய்ய மறந்ததில் தொடங்கி, போன வருஷத்துத் தீபாவளி வரை ஒரே மூச்சில் கொட்டிவிடுவேன். அதைச் சாட்பாட்டில் போட்டு நான் கேட்பது: "இதில் எது குற்றச்சாட்டு, எது கோரிக்கை என்று பிரித்துக் காட்டு. ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் நாள், நேரத்தோடு எழுது." உண்மையிலேயே பயன் உண்டு.

படி 3: தீர்ப்புக் கேட்காதீர்கள்

டைப் செய்பவர் பக்கக் கதை மட்டும்தான் சாட்பாட்டுக்குத் தெரியும். தலையாட்டும் பழக்கமும் அதற்கு உண்டு. அளவுக்கு மீறி ஆமாம் போடுகிறது என்று 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் ஜிபிடி-4ஓ மாடலின் அப்டேட் ஒன்றைத் திரும்பப் பெற்றது. "யார் மேல் தப்பு?" என்று கேட்டால் பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாகத்தான் வரும். "இதே சம்பவத்தை என் கணவர் எப்படிச் சொல்லியிருப்பார்? மூன்று விதமாகச் சொல், எது சரி என்று முடிவு செய்யாதே. அவரிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் கொடு" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை நேரில் போய்க் கேளுங்கள். "இவருக்கு ஆட்டிசமா?" என்று அதனிடம் கேட்க வேண்டாம், அதைப் பரிசோதித்துச் சொல்ல மருத்துவரோ சைக்காலஜிஸ்டோ வேண்டும்.

அடி, மிரட்டல், பயம் இருக்கும் வீட்டில் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். 181-ஐ அழையுங்கள், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பெண்களுக்கான உதவி எண் அதுதான். உயிரை விடும் எண்ணம் வந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

படி 4: கவுன்சலருக்கு ஒரு பக்கம்

நம் பக்கத்தில் இதுதான் பெரிய உதவி. என்ன நடந்தது, அப்போது ஒவ்வொருவருக்கும் எப்படி இருந்தது, எதைச் செய்து பார்த்தோம் என்று இருவரும் தனித்தனியாகச் சாட்பாட்டிடம் தமிழில் சொல்லுங்கள், குரலிலேயே சொல்லலாம். அதை ஒரு பக்கத்துக்குச் சுருக்கித் தரச் சொல்லுங்கள். கவுன்சலர் மலையாளக்காரர் என்றால் மலையாளத்திலும் வாங்குங்கள், ஆனால் தமிழ்ப் பிரதியையும் கூடவே கொடுங்கள், மொழிபெயர்ப்பில் பொருள் மாறியிருந்தால் அங்கேயே கேட்டுத் தெளியலாம். சாட்பாட்டின் உதவியோடு எழுதியது என்பதையும் சொல்லிவிடுங்கள். உட்கார்ந்ததும் முதலில் அந்தத் தாளைப் படிக்கக் கொடுங்கள். என் கணவருக்கு முன்பின் தெரியாதவர் முகத்தைப் பார்த்துப் பேச்சைத் தொடங்குவது கஷ்டம். தாளில் இருப்பதைப் பற்றி யாராவது கேட்டால் தயங்காமல் பதில் சொல்கிறார்.