லைன் டான்ஸ் வார இறுதிக்கு முதல்முறை போகிறீர்களா? கடைசி வரிசையில் மட்டும் நிற்காதீர்கள்

என் நாத்தனார் சிங்கப்பூரில் பல வருஷம் இருந்தவள். அங்கே சமூக மன்றத்தில் லைன் டான்ஸ் பழகி, திரும்பி வந்த பிறகும் விடவில்லை. தஞ்சாவூரில் அவளும் தெரிந்தவர்கள் சிலரும் சேர்ந்து அவ்வப்போது ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, சனி ஞாயிறு இரண்டு நாளும் ஆடுவார்கள். முதல் தடவை நான் போனபோது ஒருவர் காலை மிதித்து, பாதியில் வெளியே வந்து செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது தடவை இரண்டு நாளும் ஆடினேன். இடையில் என்ன புரிந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

பதிவு, பணம், பஸ் எல்லாம் உங்களுக்கே தெரியும். கும்பகோணத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர், அவ்வளவுதான்.

போவதற்கு முன் ஓர் ஆட்டம்

லைன் டான்ஸில் ஜோடி கிடையாது. எல்லோரும் வரிசையாக ஒரே பக்கம் பார்த்து நின்று, ஒரே அடிக்கோவையைப் பாட்டு முடியும் வரை திரும்பத் திரும்ப ஆட வேண்டும். ஒயிலாட்டம் பார்த்தவர்களுக்கு வரிசை புதிதல்ல. புதிது என்னவென்றால், பல ஆட்டங்களில் ஒரு கோவை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் வேறு சுவரைப் பார்த்துத் திரும்பிவிடும். நான்கு சுவரையும் பார்த்து ஆடினால் அது நான்கு சுவர் ஆட்டம். முன்னும் பின்னும் மட்டும் என்றால் இரண்டு சுவர்.

பத்து ஆட்டம் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஒன்றே ஒன்றைப் பழகிக்கொண்டு போங்கள். என் சிபாரிசு எலெக்ட்ரிக் ஸ்லைடு. 1976-ல் ரிக் சில்வர் என்ற நடன அமைப்பாளர் 22 கவுன்டில் அமைத்தது; கவுன்ட் என்றால் தாளத்தோடு எண்ணும் ஓர் எண்ணிக்கை. நாங்கள் ஆடுவது அதன் 18 கவுன்ட் வடிவம், நான்கு சுவர். அடிகள் இப்படி:

1–4: வலக்கால் பக்கவாட்டில், இடக்கால் அதற்குப் பின்னால், மறுபடி வலக்கால் பக்கவாட்டில், இடக்கால் பக்கத்தில் வந்து தொடும்.
5–8: அதையே இடப்பக்கமாக.
9–12: பின்னோக்கி வலம், இடம், வலம், இடக்கால் தொடும்.
13–14: இடக்கால் முன்னே, வலக்கால் தொடும்.
15–16: வலக்கால் பின்னே, இடக்கால் தொடும்.
17–18: இடக்கால் முன்னே, வலக்காலைத் தரையில் உரசி வீசியபடி இடப்பக்கம் கால்வாசி வட்டம் திரும்ப வேண்டும்.

முதல் எட்டில் வருவதற்குக் கிரேப்வைன் என்று பெயர். கீற்று முடையும்போது ஓர் ஓலை பின்னால் போய்த் திரும்பி வருமே, அதே போக்கு. எங்கள் கூட்டத்தில் “வலம், பின், வலம், தொடு” என்று தமிழிலேயே குரல் கொடுப்பார்கள். எனக்கு அது சட்டென்று பிடிபட்டது.

வீடியோ பார்த்துப் பழகுவதானால், ஆடுபவரை முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்ததையே தேடுங்கள். முகம் பார்த்து ஆடும் வீடியோவில் அவர் வலது உங்களுக்கு இடதாகத் தெரியும். எனக்கு அதில் இரண்டு நாள் வீணானது. யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கிக்கொள்ளலாம். அடிகளை எழுத்தில் பார்க்க காப்பர்நாப் தளம் போதும். அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கவுன்ட், சுவர், நிலை மூன்றும் போட்டிருக்கும். பிகினர் என்று இருப்பதைத் தவிர மற்றதைத் திறக்காதீர்கள். அதையும் கையால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஆடும்போது போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எங்கே நிற்பது

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கடைசி வரிசைக்குத்தான் போவார்கள். நானும் போனேன். “அண்ணி, அங்க நிக்காதீங்க, அது முன்னால ஆயிடும்” என்றாள் நாத்தனார். கூச்சத்தில் காதில் வாங்கவில்லை.

அந்த மண்டபத்தில் மணமேடை மேற்கே, வாசல் கிழக்கே. மேடையைப் பார்த்து ஆரம்பித்தோம். முதல் கோவை முடிந்து தெற்கே திரும்பியபோது பக்கத்து ஆளைப் பார்த்து ஒப்பேற்றினேன். இரண்டாவது முடிந்து கிழக்கே திரும்பினால், எனக்கு முன்னால் ஒருவருமே இல்லை! வாசலில் மோர்ப்பானையோடு நிற்கும் சமையல்காரர் மட்டும். மொத்தக் கூட்டமும் எனக்குப் பின்னால். அத்தனை நேரம் யாரைப் பார்த்து ஆடினேனோ, அவர்கள் எல்லோரும் இப்போது என் முதுகைப் பார்க்கிறார்கள்.

ஆகவே நடுவில் நில்லுங்கள். ஐந்து வரிசை என்றால் மூன்றாவது, அதிலும் ஓரம் வேண்டாம், நடு. எந்தச் சுவரைப் பார்த்தாலும் முன்னால் ஒரு முதுகு இருக்கும். பழகியவர்கள் நான்கு மூலையையும் பிடித்துக்கொள்வது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. பந்தா என்று நினைத்திருந்தேன்.

என்னைக் கவிழ்த்த 18-வது கவுன்ட்

நடுவுக்கு வந்த பிறகும் விழுந்தேன். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எல்லோரும் இடப்பக்கம் திரும்பினார்கள், நான் வலப்பக்கம். ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். மூளைக்கு இடம் என்று தெரிகிறது, உடம்பு கேட்கவில்லை. வலப்பக்கம் நின்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் நானும் நேருக்கு நேர். அடுத்த கிரேப்வைனில் எல்லோருடைய வலமும் மேற்கு, என் வலம் கிழக்கு. பின்வரிசையிலிருந்து நகர்ந்து வந்தவர் காலில் ஏறி நின்றேன். அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. தலைமையாசிரியர்தான் சொன்னார்: “பரவாயில்லம்மா, நானும் முதல் நாள் பிரதட்சிணம்தான் பண்ணினேன்.”

விஷயம் அதுதான். சின்ன வயதிலிருந்து பிராகாரம் சுற்றுகிறோம். மூலைக்கு மூலை வலப்பக்கம் திரும்புகிறோம். நின்ற இடத்தில் ஆத்ம பிரதட்சிணம் செய்தாலும் வலம்தான். இந்த ஆட்டம் நேர் எதிர்ச்சுற்று.

எனக்கு வேலை செய்த வழி: 16-லேயே, காலைத் திருப்புவதற்கு முன், கண்ணை இடப்பக்கச் சுவருக்குக் கொண்டுபோய்விடுங்கள். 17-ல் இடக்காலை வைக்கும்போது நுனியைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து வையுங்கள். எடை முழுக்க அதன்மேல் வந்துவிட்டால், 18-ல் வீசும் வலக்கால் உடம்பைத் தானே இழுத்துக்கொண்டு வரும். 15 முதல் 18 வரை மட்டும் தனியாக எடுத்து, அடுப்படியில் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆடிப் பாருங்கள். நான் ஒரு வாரம் ஆடினேன். இடக்கையில் ரப்பர் பேண்டும் போட்டிருந்தேன், அதில் வெட்கமில்லை.

நாத்தனார் இன்னொரு வேலை செய்தாள். நான்கு சுவருக்கும் தஞ்சாவூர் வீதிப் பெயரையே வைத்துவிட்டாள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் “தெற்கு வீதி!”, “கீழ வீதி!” என்று கத்துவாள். இடம் வலம் குழம்புகிறவர்களுக்கும் திசை குழம்பாது, நம் ஊரில் வழி சொல்வதே அப்படித்தானே.

காலில் என்ன, உடம்பில் என்ன

ரப்பர் செருப்பு கூடவே கூடாது. தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முட்டி வாங்கிக் கட்டிக்கொள்ளும். வழவழ கிரானைட்டில் வெறும் சாக்ஸ் அதைவிட ஆபத்து. அடி தேய்ந்த பழைய கேன்வாஸ் ஷூ என் தேர்வு. புது ஷூதான் இருக்கிறது என்றால் பழைய பருத்தி சாக்ஸின் நடுப்பகுதியை வெட்டி ஷூவின் முன்பக்கம் மட்டும் மாட்டுங்கள், குதிகாலில் வேண்டாம். சுடிதார் வசதி. புடவைதான் என்பவர்கள் நாலு விரல் உயர்த்திக் கட்டினால் போதும்.

ஞாயிறு காலை இட்லிக்குக் கடப்பா வைப்பார்கள். ஆறு இட்லியோடு நிறுத்த முடியாமல் போய், முதல் ஒரு மணி நேரம் சுவரோரம் நின்றேன். மதியம் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டத்தின் பழக்கவழக்கம்

அடி தவறினால் நடுவில் சிலையாக நிற்காதீர்கள். பக்கவாட்டில் மோதுவார்கள். இருந்த இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டு, அடுத்த ‘ஒன்று’ வரும்போது சேர்ந்துகொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவே குறுக்கே நடப்பதும், டீ டம்ளரோடு உள்ளே வருவதும் யாருக்கும் பிடிக்காது. கேட்காமல் பக்கத்து ஆளைத் திருத்தாதீர்கள். குரல் கொடுக்க ஒருவர் இருக்கிறார், அது போதும். வீடியோ எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். வீட்டில் சொல்லாமல் வருகிறவர்களும் உண்டு.

சில பாட்டுக்குக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஓர் ஆட்டமும் பின்பாதி வேறோர் ஆட்டமும் ஆடும். புதியவர்கள் அந்த நேரத்தில் உட்கார்ந்து பார்ப்பதே மேல்.

வருகிறவர்கள் யாரென்றால், நர்ஸ், போஸ்ட் ஆபீசில் இருந்து ஓய்வுபெற்றவர்கள், பெங்களூரிலிருந்து வார இறுதிக்கு வரும் பையன்கள், விவசாயம் பார்க்கும் இரண்டு மூன்று பேர். குறுவை அறுவடை சமயம் என்றால் அவர்களை எதிர்பார்க்க முடியாது. வயது வித்தியாசமில்லாமல் அக்கா, சார், தம்பிதான். இரண்டாம் தடவை போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு ஒருவர், வீட்டில் குத்துப் பாட்டுக்கு ஆடிப் பார்த்தேன், கால் ஒட்டவே இல்லை என்று எழுதியிருந்தார். கால் மேல் தப்பில்லை. நிறைய குத்துப் பாட்டுகள் ‘தகிட தகிட’ என்று மூன்று மூன்றாக ஓடுபவை. இந்த அடிகளுக்கு ‘தகதிமி’ என்று நாலு நாலாக ஓடும் பாட்டு வேண்டும். கையால் தட்டிப் பார்த்துவிட்டுப் பாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை

பரதம் படித்த ஒரு பெண், எட்டெட்டாக எண்ணினால் 18 எங்கேயோ உதைக்கிறதே என்று கேட்டாள். உதைக்கத்தான் செய்யும். 32 கவுன்ட் ஆட்டம் என்றால் எட்டு எண்ணும் ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம், அதாவது நான்கு சுற்று, பாட்டின் வரியோடு சேர்ந்தே முடியும். இது இரண்டு எட்டும் ஓர் இரண்டும். அதனால் அடுத்த சுற்று பாட்டில் வேறு இடத்தில் தொடங்கும். பாட்டு வரியை மறந்துவிட்டு 18 வரை விடாமல் எண்ணுங்கள். சில ஊர்களில் இதையே 22 கவுன்டாக ஆடுகிறார்கள்; போகும் இடத்தில் எது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.