அலுமினியப் படகில் ஃபிஷ் ஃபைண்டர் டிரான்ஸ்டியூசர் மாட்டுவது எப்படி?

தண்ணீருக்குள் இருக்கும் மீனையும் ஆழத்தையும் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் வாங்கப் போனால் எல்லோரும் அந்தத் திரையைத்தான் பார்க்கிறோம். ஐந்து இன்ச்சா ஏழு இன்ச்சா, மேப் இருக்கிறதா, டச் ஸ்க்ரீனா என்று. பெட்டிக்குள் ஓரமாகக் கிடக்கும் கறுப்புக் கட்டியை, அதாவது டிரான்ஸ்டியூசரை, யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஏரிக்குப் போனதும் நமக்குப் படம் காட்டுவது அதுதான். அதை இடம் பார்க்காமல் மாட்டினால் ஆயிரம் டாலர் திரையிலும் வெறும் புள்ளியும் கோடும்தான் தெரியும்.

இங்கே கனடாவின் ஒன்டாரியோவில் சிம்கோ, ரைஸ் லேக், கவார்த்தா ஏரிகள் பக்கம் மீன் பிடிக்கப் போகிற நம் ஆட்கள் பலர் முதலில் வாங்குவது பழைய அலுமினியப் படகுதான். 14 அல்லது 16 அடி, பின்னால் ஓர் அவுட்போர்டு மோட்டார். அந்தப் படகை மனதில் வைத்தே எழுதுகிறேன். டிரில் பிடிக்கத் தெரிந்தால் போதும், ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

எல்லாம் குமிழிக்காகத்தான்

டிரான்ஸ்டியூசர் கீழே ஒலியை அனுப்பி, ஏரித் தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்பும் எதிரொலியை வாங்குகிறது. நன்னீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,450 மீட்டர் ஓடும். சிம்கோவின் மிக ஆழமான இடம் சுமார் 41 மீட்டர். அங்கே போய்த் திரும்பவும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகாது. தண்ணீரில் இவ்வளவு சுலபமாக ஓடுகிற ஒலி, காற்றைக் கண்டால் அங்கேயே திரும்பிவிடும். ஆகவே டிரான்ஸ்டியூசரின் முகத்துக்குக் கீழே குமிழி ஓடினால் ஆழமும் தெரியாது, மீனும் தெரியாது. கீழே சொல்லப்போகிற அளவுகள், கோணங்கள் எல்லாம் குமிழியில்லாத தண்ணீருக்காகத்தான்.

ஃபைபர்கிளாஸ் படகு வைத்திருப்பவர் யாராவது, “நான் உள்பக்கமே எபாக்ஸி வைத்து ஒட்டிவிட்டேன், ஓட்டையே போடவில்லை” என்று சொல்லலாம். அவர் படகுக்கு அது சரி. அலுமினியத் தகட்டைத் தாண்டிப் போக ஒலி ரொம்பச் சிரமப்படும். நமக்கு வெளிப்பக்கம்தான், அதுவும் படகின் பின்பக்கத் தட்டான டிரான்ஸமில்.

1. இடம் பார்ப்பது

பாதி வேலை இதுதான். அவசரப்பட வேண்டாம்.

படகு டிரெய்லரில் இருக்கும்போது பின்னால் போய்க் குனிந்து, அடிப்பாகத்தை முன்னோக்கிப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் மேடுகள் தெரியும், அவற்றை ஸ்ட்ரேக் என்பார்கள். தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் வரிசைகளும் தெரியும். படகு ஓடும்போது இந்த மேடும் ரிவெட் தலையும் தண்ணீரைக் கலக்கிக் குமிழியைக் கிளப்பும். அந்தக் குமிழிகள் நேர் பின்னால் வந்து டிரான்ஸமைத் தாண்டிப் போகும். எனவே ரிவெட் வரிசைக்கோ ஸ்ட்ரேக்குக்கோ நேர் பின்னால் மாட்டக் கூடாது. இரண்டு ஸ்ட்ரேக்குகளுக்கு நடுவே வழவழவென்று ஒரு பட்டை இருக்குமே, அதுதான் நமக்கு வேண்டிய இடம். தண்ணீர் வடியும் துளைக்கு நேராகவும் வேண்டாம்.

அப்புறம் வலமா இடமா என்ற கேள்வி. பெரும்பாலான அவுட்போர்டுகளில் புரொப்பெல்லர், பின்னால் நின்று பார்த்தால், கடிகார முள் திசையில் சுற்றும். வலப்பக்கத்தில் அதன் இறக்கை கீழ்நோக்கி இறங்குகிறது, இடப்பக்கத்தில் மேலே ஏறுகிறது. இறங்கும் பக்கத்தில்தான் கலக்கம் குறைவு. ஆகவே வலப்பக்கம், புரொப்பெல்லரிலிருந்து குறைந்தது 38 சென்டிமீட்டர் தள்ளி. அதற்காக ஓரத்துக்கே போய்விடக் கூடாது. படகு திரும்பும்போது சாய்ந்து, டிரான்ஸ்டியூசர் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும்.

பக்கவாட்டிலும் பார்க்கும் சைட் இமேஜிங் வகை என்றால் இன்னொரு கவனம் வேண்டும். இறக்கிவிட்ட மோட்டாரின் கால் ஒரு பக்கத்தை மறைத்தால் அந்தப் பக்கம் திரையில் இருட்டாகத்தான் இருக்கும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் யாரையாவது படகை ஓட்டச் சொல்லி, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்து எட்டிப் பாருங்கள். டிரான்ஸமை விட்டுத் தண்ணீர் எங்கே நுரையில்லாமல் பிரிகிறது என்று கண்ணாலேயே தெரியும். கரைக்கு வந்ததும் அந்த இடத்தில் ஒரு டேப் ஒட்டி, டிரெய்லரின் பலகையோ உருளையோ அங்கே இடிக்குமா, கட்டும் பட்டை அதன்மேல் போகுமா என்றும் பார்த்துவிடுங்கள். இதை யாரும் சொல்வதில்லை. ஏரியில் உடைவதைவிடப் படகை டிரெய்லரில் ஏற்றும்போது உடையும் டிரான்ஸ்டியூசர்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

2. முதலில் ஒரு பலகை

டிரான்ஸ்டியூசரைத் தாங்கும் பிராக்கெட்டை நேராகப் படகில் முடுக்கலாம். ஆனால் இடம் சரியில்லை என்றால் மறுபடி ஓட்டை, அடுத்த வருடம் வேறு மாடல் வாங்கினால் மறுபடி ஓட்டை. அதனால் டிரான்ஸமில் ஒரு பிளாஸ்டிக் பலகையை நிரந்தரமாக மாட்டிவிட்டு, அதன்மேல் பிராக்கெட்டை வைப்பதுதான் நல்லது. அரை இன்ச் கனமுள்ள எச்டிபிஇ பலகை போதும். காய்கறி வெட்டும் வெள்ளைப் பலகையும் பெரும்பாலும் அதே பிளாஸ்டிக்தான். அதில் பசை சரியாகப் பிடிக்காது, ஆகவே ஒட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், போல்ட்தான். பலகையின் போல்ட்டுகளை, படகு சும்மா மிதக்கும்போது இருக்கும் நீர்மட்டத்துக்கு மேலே வைத்தால் மனதுக்கு நிம்மதி.

மரம் வேண்டாம். குறிப்பாக, வீட்டு டெக் கட்டும்போது மிஞ்சிய மருந்தேற்றிய மரம் வேண்டவே வேண்டாம். அந்த மருந்தில் இருக்கும் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும்.

3. ஓட்டை போடுவது

டிரில் எடுப்பதற்கு முன் உள்பக்கம் பாருங்கள். பெட்ரோல் குழாய், வயர், மிதவை நுரை எதுவும் பின்னால் இருக்கக் கூடாது. பழைய படகுகளில் டிரான்ஸத்துக்குள் மரப்பலகை இருக்கும். அதற்குள் தண்ணீர் இறங்கினால் மெல்ல உளுத்துப்போகும். அதனால்தான் தண்ணீர் புகாமல் ஓட்டையை அடைக்கும் சீலன்டில் கஞ்சத்தனம் கூடாது.

- குறிக்க வேண்டிய இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் குறியுங்கள். பிட் வழுக்காது.
- சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு தட்டிவிட்டு, சிறிய பிட்டில் தொடங்கிப் பெரிய பிட்டுக்குப் போங்கள்.
- ஓட்டையின் ஓரத்துப் பிசிறைச் சுத்தம் செய்து, நீர்மட்டத்துக்குக் கீழே பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும் மரைன் சீலன்டை ஓட்டைக்குள்ளும் போல்ட்டைச் சுற்றியும் பூசுங்கள்.
- போல்ட், ஸ்க்ரூ எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ். இரும்போ பித்தளையோ வேண்டாம்.

ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். இடையில் இருக்கும் அந்தச் சீலன்ட்தான் தடுப்பு. கடைசி முடுக்கு கையால்தான். மெஷினில் முடுக்கினால் மெல்லிய தகட்டில் மரை வழுக்கிப் போகும். ஏப்ரல் குளிரில் சீலன்ட் காய நேரம் பிடிக்கும், டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேலேயே விடுங்கள்.

4. உயரமும் கோணமும்

பிராக்கெட்டில் நீளவாக்கில் ஒரு பிளவு இருக்கும். ஸ்க்ரூவை அதன் நடுவில் போட்டால் பிறகு மேலே கீழே நகர்த்தலாம். ஸ்க்ரூவின் நீளம் பலகையின் கனத்துக்குள் அடங்க வேண்டும், படகுத் தகட்டைத் தொடக் கூடாது.

ஒரு நேரான மட்டக்கோலைப் படகின் அடியோடு ஒட்டிப் பிடித்து, பின்னால் நீட்டுங்கள். டிரான்ஸ்டியூசரின் முகம் அதற்குக் கீழே சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். ஃபைபர்கிளாஸுக்கு 3 மில்லிமீட்டர் போதும். ரிவெட்டால் வரும் கலக்கத்துக்குக் கீழே போகத்தான் நமக்குக் கூடுதல் இறக்கம். கோணம் படகின் அடிக்கு இணையாக, அல்லது பின்முனை ஒரு மயிரிழை தாழ்ந்து இருக்கலாம். ரசமட்டம் வைத்துப் பார்க்காதீர்கள், டிரெய்லரில் படகே சாய்ந்துதான் நிற்கும்.

5. கேபிளும் கரண்டும்

கேபிளை டிரான்ஸமின் மேல்விளிம்பு வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். டிரான்ஸ்டியூசர் எதிலாவது இடித்தால் மேலே மடங்கும்படிதான் பிராக்கெட் செய்திருக்கிறார்கள், அதற்கு வேண்டிய தளர்வை அங்கே விட வேண்டும். மிச்சக் கேபிளை வெட்டாதீர்கள், சுருட்டிக் கட்டிவிடுங்கள். மோட்டார் வயர்களோடு ஒன்றாகக் கட்டினால் திரையில் மழைத்தூறல் மாதிரிப் புள்ளிகள் வரும்.

கரண்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக எடுங்கள். கையேட்டில் சொன்ன ஆம்பியர் ஃபியூஸ் பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்கு அருகில் இருக்கட்டும். முடிந்தால் தனிப் பேட்டரி. மோட்டார் ஸ்டார்ட் பண்ணும்போது வோல்ட்டேஜ் விழுந்து திரை அணைந்து எரிவது நிற்கும். நெகட்டிவ் வயரைப் படகின் தகட்டில் சேர்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். காரில் செய்வது இங்கே ஆகாது. கசியும் கரண்ட் தண்ணீரில் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

6. தண்ணீரில் பார்ப்பது

புது டிரான்ஸ்டியூசரின் முகத்தில் குமிழி ஒட்டிக்கொள்ளும். இறக்குவதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பை விரலில் தொட்டுத் தடவிவிடுங்கள்.

முதலில் நின்ற இடத்தில் ஆழம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, மெல்ல வேகம் கூட்டுங்கள். ஒரு வேகத்துக்கு மேல் தரை காணாமல் போனால் டிரான்ஸ்டியூசரை 3 மில்லிமீட்டர் இறக்கி மறுபடி ஓட்டுங்கள். பின்னால் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் கீழே அதிகம் இறங்கிவிட்டது, கொஞ்சம் ஏற்றுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படி ஆகும், சாதாரணம்.

கோணத்தை மீனே சொல்லிவிடும். ஒலி கூம்பு மாதிரி விரிந்து இறங்குகிறது. படகு நகரும்போது மீன் கூம்பின் ஓரத்தில் நுழைகையில் தூரம் அதிகம், நடுவில் குறைவு, மறு ஓரத்தில் மறுபடி அதிகம். அதனால்தான் திரையில் வில் போல வளைகிறது. வளைவு பாதியோடு நின்றால் டிரான்ஸ்டியூசர் முன்னாலோ பின்னாலோ சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

ஒன்டாரியோவில் 2022 முதல், படகைச் சாலையில் கொண்டுபோகும் முன் வடிதுளை மூடியைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும் என்பது சட்டம். ஒட்டிய பாசி, கொடியையும் அகற்ற வேண்டும். அதற்காகப் பின்னால் குனியும்போதே பிராக்கெட்டில் சுற்றிய கொடியைப் பிய்த்துப் போட்டு, ஸ்க்ரூவை ஒரு தடவை விரலால் ஆட்டிப் பாருங்கள்.