சீட் பெல்ட் விளக்கு எரிகிறதா? பக்கிளை மாற்றுவதற்கு முன்

கோலாலம்பூர் செந்தூலில் நான் வேலை செய்யும் கார் பட்டறையில் இரண்டு பையன்கள் வயரிங் பழகுகிறார்கள். போன வாரம் ஒருவன் சீட் பெல்ட் பக்கிளின் (பெல்ட்டைச் சொருகும் பூட்டு) வயர் சாக்கெட்டைக் கழற்றி, மீட்டரை ஓம்ஸில், அதாவது மின்தடை அளக்கும் நிலையில், வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, சென்சார் செத்துப்போச்சு" என்றான். பழகுநராக இருந்தபோது நானும் இதையேதான் சொன்னேன். ஃபியூஸ் பார்ப்பது, பேட்டரி பார்ப்பது எல்லாம் தானாகவே பழகிவிடும். அவற்றை விட்டுவிட்டு, பழகுபவர்கள் தடுமாறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஓம்ஸைப் பார்த்துப் பக்கிளை மாற்றுவது

பழைய கார்களின் பக்கிளுக்குள் வெறும் சுவிட்ச்தான் இருக்கும். பெல்ட்டைச் சொருகி எடுத்தால் மீட்டரில் வித்தியாசம் தெரிந்துவிடும். இப்போது பல கார்களில் ஹால் சென்சார் வந்துவிட்டது. காந்தப் புலத்தை உணரும் சின்னச் சிப் அது. இரண்டே வயர் என்பதால் சுவிட்ச் போலத் தோன்றும், ஆனால் மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். அந்த வயரில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதைத்தான் காரின் கம்ப்யூட்டர் பார்க்கிறது: ஒரு நிலையில் 5 மில்லிஆம்பியர் அளவு, மறுநிலையில் 15க்குப் பக்கம். சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஓம்ஸ் பார்த்தால் நல்ல சென்சாரும் செத்தது போலத்தான் காட்டும்.

இது தெரியாமல் ஓர் ஆசிரியை அக்காவின் காருக்குப் புதுப் பக்கிள் வாங்கிப் போட்டேன். விளக்கு அணைந்தது. நான்கு நாளில் மறுபடி எரிந்தது. புதுப் பொருளே கோளாறு என்று நினைத்து பழைய கார் உதிரிபாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் இன்னொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே. மூன்றாவது தடவை அவர் வந்தபோதுதான் கேட்டேன்: "எப்பக்கா எரியுது?" "திங்கக்கிழமை காலையில, தம்பி." சனி, ஞாயிறில் அவர் கணவர் ஓட்டுவார். அவர் உயரமானவர், சீட்டைப் பின்னால் தள்ளுவார். திங்கட்கிழமை அக்கா முன்னால் இழுப்பார். சீட்டுக்கு அடியில் இருந்த சாக்கெட்டில் ஒரு பின் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். நான் கழற்றி மாட்டியதில் பின் சற்று இறுகி, சில நாள் தாக்குப்பிடித்திருக்கிறது. அதைப் பழுது பார்த்ததாக நான் நம்பிக்கொண்டேன். இரண்டு பக்கிளின் காசு, அக்காவின் மூன்று அரைநாள் லீவு. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? எதையும் கழற்றாமல், கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் (சென்சார் நிலையை அப்போதைக்கப்போது காட்டும் பக்கம்) திறந்து வையுங்கள். பெல்ட்டைப் பத்துத் தடவை போட்டு எடுங்கள். பிறகு சீட்டை முன்னும் பின்னும் கடைசிவரை நகர்த்துங்கள். சீட் நகரும்போது மட்டும் நிலை மாறினால், பக்கிளை விட்டுவிட்டு அடியில் உள்ள வயரைப் பாருங்கள்.

மஞ்சள் சாக்கெட்டில் டெஸ்ட் லைட், ஓம்ஸ் மீட்டர்

வைக்கவே வைக்காதீர்கள். மஞ்சள் சாக்கெட் ஏர்பேக், பிரிடென்ஷனர் வயர்களுடையது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பிரிடென்ஷனரில் வெடிமருந்து இருக்கிறது. சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, அந்தக் காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகுதான் சாக்கெட்டில் கை வைக்க வேண்டும். டொயோட்டாவில் அது குறைந்தது 90 விநாடி.

மலிவு ஸ்கேனரில் "கோட் இல்லை"

என்ஜினின் கோளாறு எண்ணை (கோட்) மட்டும் படிக்கும் கருவி அது. ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் அது போகவே இல்லை.

ஆள் இல்லாத பயணி சீட்

ஆள் இல்லாமலே விளக்கு எரிந்தால், சௌகிட் சந்தையில் வாங்கிய மூட்டை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். அதன் எடையை ஆள் என்று சென்சார் எண்ணிவிடும்.

போலிக் கிளிப் சொருகி விளக்கை அணைப்பது

யார் கேட்டாலும் செய்து கொடுக்காதீர்கள். பல கார்களில், பெல்ட் போட்டிருக்கிறதா என்ற அந்தத் தகவலையும் வைத்துத்தான் மோதும்போது ஏர்பேக் எப்படி விரிய வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது.

வெள்ளத்தில் நின்ற கார்

2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சிலாங்கூர் பக்கம் கைமாறிய கார் என்றால், பக்கிளைத் தொடுவதற்கு முன் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். சீட்டுக்கு அடியில் சாக்கெட்டின் பின்னெல்லாம் தண்ணீர் அரித்துப் பச்சை பூத்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, சொந்தக்காரரைக் கூப்பிட்டு நேரில் காட்டுங்கள்.