மென்பொருளை நம்பும் முன் ஒரு கைக்கணக்கு

அப்ளைடு மெக்கானிக்ஸில் எம்.டெக் சேர்ந்தவர்கள் அன்சிஸ், அபாகஸ் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் மென்பொருள்கள்) எதைத் திறந்தாலும், முதலில் ஒரு கான்டிலீவர் பீமை (ஒரு முனை மட்டும் இறுகப் பிடிக்கப்பட்ட உத்தரம்) கையால் போட்டுப் பாருங்கள். 1 மீட்டர் நீளம், 20 மி.மீ. சதுரக் குறுக்குவெட்டு, ஸ்டீல் (யங் குணகம் 200 ஜிகாபாஸ்கல்), நுனியில் 100 நியூட்டன் சுமை. நுனி 12.5 மி.மீ. இறங்க வேண்டும்.

மென்பொருள் ரொம்பக் குறைவாகக் காட்டுகிறதா? பெரும்பாலும் எலிமென்ட்தான், அதாவது அந்தச் சிறு துண்டின் வகைதான், காரணம். முழு இன்டக்ரேஷன் உள்ள லீனியர் பிரிக் எலிமென்டை (மூலைகளில் மட்டும் கணுப்புள்ளிகள் உள்ள செங்கல் வடிவத் துண்டு) தடிமனில் ஒரே அடுக்காக வைத்தால், வளையாமல் விறைத்துக்கொள்ளும். ஷியர் லாக்கிங் என்பது இதுதான். குவாட்ராடிக் எலிமென்டுக்கு (விளிம்புகளின் நடுவிலும் கணுப்புள்ளிகள் உள்ளது) மாறினால் சரியாகிவிடும். (வண்ணப் படம் மட்டும் தப்பான விடைக்கும் அழகாகத்தான் வரும்!)

அப்புறம் யூனிட். மி.மீ., நியூட்டனில் மாடல் செய்தால் யங் குணகத்தை 2,00,000 (நியூட்டன்/சதுர மி.மீ.) என்று கொடுங்கள்.