வீட்டு நாஸ் எவ்வளவு வேகம்? அளக்கும் முறை

நாஸ் என்பது வீட்டு வலையமைப்பில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டி. அதில் 1 ஜிகாபிட் என்று எழுதியிருந்தாலும் கொப்பி பண்ணும்போது நொடிக்கு 110 மெகாபைட் அளவில்தான் வரும். 8 பிட் ஒரு பைட், மிச்சம் நெறிமுறைச் செலவு, அதாவது தரவோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற கூடுதல் பிட்கள். அது பழுது அல்ல.

முதலில் வைஃபையை நிறுத்திவிட்டு கேபிளில் இணையுங்கள். ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளை ஓட்டினால் டிஸ்க் சம்பந்தமில்லாமல் வலையமைப்பின் வேகம் மட்டும் தெரியும். 940 மெகாபிட் வந்தால் கேபிள் சுகம். பிறகு நாஸின் ரேமைவிடப் பெரிய ஒரே வீடியோவைக் கொப்பி பண்ணுங்கள். சின்னக் கோப்பென்றால் இரண்டாம் முறை ரேமிலிருந்தே வந்து பொய்க்கணக்குக் காட்டும். ஆயிரம் சிறு படங்களைத் தனியாக அளந்து பாருங்கள், வேகம் படுத்துவிடும்; இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

நொடிக்கு 11 மெகாபைட்டிலேயே நிற்கிறதா? இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. ஜிகாபிட்டுக்கு நாலு சோடிக் கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டே போதும். திருகோணமலையில், அதுவும் உப்புவெளிப் பக்கம், உப்புக்காற்றில் பிளக்கின் பற்கள் பச்சை பூத்திருக்கும். துடைத்துப் பயனில்லை, நுனியை வெட்டிப் புதுப் பிளக் அடியுங்கள்.